அரசியின் கடைவாய்ப்பல்

சீனித்தாய் ஆளை எடை போடுவதற்குத் தராசு தேடமாட்டாள். மிளகாய் வத்தல் மூட்டையின் முன்னால் வந்து நிற்பவன் தும்மிவிட்டு விலை கேட்டால் சமையல்காரன். மூக்கைப் பொத்திக்கொண்டு விலை கேட்டால் வியாபாரி. தும்மாமலும் கேட்காமலும் சுற்றிச்சுற்றிப் பார்த்தால் வரி அதிகாரி. சாத்தூர் மண்டியில் இருபது வருஷத் தரகில் இந்தக் கணக்கு தப்பியதே இல்லை. ஆனால் பேராசிரியர் நிறைமதி தும்மவும் இல்லை, விலை கேட்கவும் இல்லை. சீனித்தாயின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க யாரு வம்சம்னு உங்களுக்கே தெரியாது" என்றார். சரக்கை இப்படி முதல் வாயிலேயே புகழும் ஆளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று சீனித்தாய்க்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி.

அவள் வந்தது வம்சம் தெரிந்துகொள்ள அல்ல. மகளை இழுத்துக்கொண்டு போக. கருங்காட்டுமேடு அகழ்வாய்வு மையத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது, அதில் உட்காருகிறவர்களுக்கு ஞாபகம் அழிந்துபோகிறது என்று மண்டியில் பேச்சு. அதே நாற்காலிக்குத் தன் மகள் தன்ஷிகா போன வாரமே கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று அன்று காலைதான் தெரிந்தது. சேலையில் ஒட்டிய வத்தல் தூசியைக்கூடத் தட்டாமல் பஸ் ஏறிவிட்டாள்.

தன்ஷிகாவுக்குப் பத்தொன்பது வயது. நகைக்கடையில் வேலை. வாடிக்கையாளர் முன்னால் ஆரத்தையும் ஒட்டியாணத்தையும் போட்டுக் காட்டுவாள். சாயங்காலம் அத்தனையும் கழற்றி எண்ணி ஒப்படைத்துவிட்டுப் பிளாஸ்டிக் கம்மலோடு வீட்டுக்கு வருவாள். மையத்தின் வரவேற்பறையில் அம்மாவைக் கண்டதும் அவள் முகம் சுருங்கியது.

"எதுக்கும்மா இங்க வந்த? மொளகா நாத்தம் ஹாலெல்லாம் அடிக்குது."

"அந்த நாத்தத்துலதான்டி நீ சோறு தின்ன. எந்திரி, போவோம்."

"நான் வரல. எம் போட்டோ பேப்பர்ல வரப்போவுது."

பேராசிரியர் சிரித்துக்கொண்டே இருவரையும் உள்ளே அழைத்துப்போய்க் குளிர்ந்த அறையில் உட்காரவைத்தார். மேசைமேல் கண்ணாடிப் பெட்டியில் பழுப்பேறிய ஒரு பல். அதை விளக்கும் வேலை ஜெபசிங்குக்கு. இயந்திரத்தை ஓட்டுகிறவன், ஒல்லியானவன், யார் முகத்தையும் நேராகப் பார்க்காமல் பேசுகிறவன்.

"பல்லு மரம் மாதிரிக்கா. நாளுக்கு ஒரு வரி ஏறும். காய்ச்சல்ல கெடந்தா அது ஒரு மாதிரி வரி, பட்டினின்னா வேற மாதிரி, பயந்தா இன்னொரு மாதிரி. மத்த எலும்பு மட்கினாலும் இது மட்காது. அந்த வரிய எங்க மெஷின் படிச்சிரும். படிச்சத கம்ப்யூட்டர்ல போட்டா வெறும் கோடு. உயிரோட இருக்கிற தலைக்குள்ள போட்டாத்தான் செத்தவ எந்திரிச்சு நடப்பா."

"எந்தத் தலையா இருந்தாலுமா?"

"இல்ல. அம்மா, அம்மாவப் பெத்தவ, அவளப் பெத்தவன்னு பின்னால போற கொடி ஒண்ணா இருக்கணும். இந்தப் பல்லுக்காரிக்கும் உங்க பொண்ணுக்கும் ஒரே கொடி. ரத்த முகாம்ல கண்டுபிடிச்சோம்."

"சரி, செத்தவ உள்ள வந்து நடக்கணும்னா, உள்ள இருக்கிறது எங்க போகும்?"

ஜெபசிங் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தான். "கொஞ்சம் இடம் விட்டுக்குடுக்கும்."

"எம்புட்டு?"

"சொல்ல முடியாதுக்கா. எது போகும்னும் சொல்ல முடியாது. வேற பொதைதாழியில கெடைச்ச பல்லுக்கு உட்கார்ந்த ஒரு அம்மாவுக்கு நீச்சல் போச்சு. கிணத்துல குதிச்சப்பதான் அவங்களுக்கே தெரிஞ்சுது. இன்னொருத்தங்க, வாசல்ல காத்திருந்த புருஷனப் பாத்து, யாரோ ஒருத்தன் கையப் புடிக்கிறான்னு கத்திட்டாங்க."

"அது மெஷின் இல்லாமலே நடக்கிறதுதான்" என்றாள் சீனித்தாய். யாரும் சிரிக்கவில்லை.

பேராசிரியர் தன் பக்கத்தைச் சொன்னார். முப்பது வருஷ உழைப்பு. கருங்காட்டுமேட்டில் கிடைத்த தாழிகளிலேயே பெரிய தாழி ஒரு பெண்ணுடையது. தங்கம், சூதுபவள மணி, காலில் கனத்த தண்டை. ஊரில் புதைந்திருக்கும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே கொடி. பெண்களின் பற்களில் பிறந்ததிலிருந்து சாகும்வரை ஒரே ஏரியின் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஆண்களின் பற்களிலோ ஊர் ஊராய்த் தண்ணீர்.

"அப்படின்னா என்ன அர்த்தம்? வீடும் நிலமும் பெண்ணுக்கு. ஆண்தான் மாப்பிள்ளையா வந்து போனவன். பெண் எங்கயும் போகவேண்டிய அவசியமே இல்ல. தாய்தான் தலைவி. இத நான் எழுதினப்ப ஒரு ஹால் முழுக்க ஆம்பளைங்க சிரிச்சாங்க. இந்தப் பல்லு பேசிட்டா எவனும் சிரிக்க முடியாது."

"ஊர்த் தண்ணி மாறாதவ ராணின்னா, எங்க தெருவுல பாதிப் பேரு ராணிதான் மேடம்."

பேராசிரியர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு தோளில் தட்டினார்.

சீனித்தாய் மகளைப் பார்த்தாள். அந்தத் தலைக்குள் என்னென்ன இருக்கும்? சினிமாப் பாட்டு, நகைக்கடை லிஃப்ட், எவனோ ஒருத்தன். அதற்கடியில் எங்கேயோ, அம்மை போட்டிருந்தபோது அம்மா விசிறிய வேப்பிலைக் காற்று. எதையும் இவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. தன்ஷிகாவை இழுத்துப்போகலாம், ஆனால் வயது வந்தவள், கையெழுத்துப் போட்டவள், நாளைக்கே திரும்பி வந்து உட்காருவாள். ஆக, வாங்குகிறவரிடம் பேசுவதுதான் வழி.

"அதே கொடிதானே நானும்? என்னைய எடுத்துக்கோங்க."

"இளம் மூளை தெளிவா வாங்கும் சீனித்தாய்."

"புது வத்தல் நெறந்தான் மேடம் காட்டும். காரம் வேணும்னா ஒரு வெயில் கூடுதலாத் தின்ன சரக்கு வேணும். அவளுக்குப் புள்ள பெத்தது தெரியுமா, சோறு பத்தாம ஈரத்துணியக் கட்டிக்கிட்டுப் படுத்தது தெரியுமா? உங்க ராணி வந்து புள்ள பெத்த கதையச் சொன்னா, வயித்துவலின்னு சொல்லி மாத்திரை கேக்கும் இந்தக் கழுத."

வத்தல் விஷயத்தில் இது முழுப் பொய். வெயில் கூடிப்போன சரக்கு நிறம் வெளுத்துச் சோடை தட்டிவிடும். ஆனால் பேராசிரியர் வத்தல் வாங்கி அறியாதவர். யோசித்தார்.

"சரி, நீங்களே உட்காருங்க."

"எம் மகள அந்த நாற்காலிப் பக்கமே கூப்பிடக்கூடாது."

"உங்க வாசிப்பு தெளிவா இருக்கிற வரைக்கும் கூப்பிடமாட்டோம்."

அந்த 'வரைக்கும்' சீனித்தாயின் காதில் விழுந்தது. மண்டியாக இருந்தால் அங்கேயே பிடித்திருப்பாள். ஜெயித்த சூட்டில் விட்டுவிட்டாள். தன்ஷிகா விருட்டென்று எழுந்தாள்.

"நான் எது பண்ணாலும் குறுக்க வந்து விழு. எனக்குக் கிடைச்ச ஒண்ணையும் நீயே தின்னுக்கோ."

நாற்காலி பல் டாக்டர் நாற்காலி போலத்தான் இருந்தது. திறக்க வேண்டிய இடம் மட்டும் வாய் இல்லை.

ஜெபசிங் ஏதோ ஒன்றைத் திருகினான். சீனித்தாயின் நாக்கில் ஏரித் தண்ணீரின் பாசிச் சுவை வந்தது. அப்புறம் கால் கனத்தது. குனிந்து பார்த்தால் தங்கத் தண்டை. குழந்தைப் பருவத்தில் போட்டது, கழற்றவே இல்லை, வளர்ந்த கால் அதைச் சுற்றிப் புடைத்திருந்தது. நடந்தால் ஊருக்கே கேட்கும். ஓடவே முடியாது.

வீடு பெரிது. கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். வெளியே அவளுடைய அண்ணன் தம்பிகள் மூவர் முறை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து மாப்பிள்ளைகளை அவர்கள்தான் கொண்டுவந்தார்கள், உப்புக்கும் காளைக்கும் பேசி. பிள்ளை தரித்ததும் அவர்களே அனுப்பிவைத்தார்கள். நிலம் அவள் பெயரில். விளைச்சல் அவர்கள் களத்தில். ஊருக்கு வழக்கு வந்தால் கதவைத் திறந்து அவளை வெளியே உட்காரவைப்பார்கள். 'தாய் சொல்லட்டும்' என்று ஊர் குனியும். என்ன சொல்ல வேண்டும் என்று தம்பி முந்தின நாளே காதில் ஓதியிருப்பான். அவள் வாயைத் திறந்தால் மழை நின்றதுபோல் ஊர் அடங்கும்.

அவளுடைய மூத்த மகள் தண்டையைக் கல்லால் உடைத்துக் கொண்டு, ரத்தக் காலோடு மதகு வழியாக ஓடினாள். ஆட்டைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கும் கதவு திறந்தது. 'தாய் சொல்லட்டும்.' இளைய மகளின் தோளில் தம்பி கையை வைத்திருந்தான். தாய் தீர்ப்புச் சொன்னாள். தம்பி ஓதியதைவிட ஒரு சொல் கூடுதலாகவே சொன்னாள். ஊர் குனிந்தது. மகள் கத்திக்கொண்டே சாவுக்குப் போனாள்.

அதில் சீனித்தாய்க்குத் தாங்க முடியாமல் போனது அந்தக் கத்தல் அல்ல. ஊர் குனிந்த கணத்தில், அந்தத் தாயின் நெஞ்சுக்குள் வெல்லப்பாகு மாதிரி இனிப்பாக ஒன்று இறங்கியது. அவளுக்கு அது பிடித்திருந்தது.

கண் விழித்தபோது ஜெபசிங் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். தன்ஷிகா ஓரத்தில் நின்றிருந்தாள்.

"மணி என்னடி? உங்கப்பா வந்திருவாக. உலை வைக்கணும்."

தன்ஷிகா ஜெபசிங்கைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா தங்கப்பழம், மண்டியில் மூட்டை சரிந்து நசுங்கிச் செத்து நாலு வருஷம் ஆகிறது. பிணத்தைக் குளிப்பாட்டியது சீனித்தாய்தான்.

"அப்பா செத்துட்டாரும்மா."

சீனித்தாய் மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். மறுநாள் காலையில் அவருக்கு டீ ஆற்றி எடுத்துக்கொண்டு தேடினாள், மறுபடி சொன்னார்கள், மறுபடி அழுதாள். செத்த சேதி உள்ளே தங்கவில்லை. ஒரே புருஷனுக்குத் தினம் தினம் தாலி அறுக்கும் வேலை. பத்து நாள் கழித்துத் தன்ஷிகா சலித்துப்போய், "வெளியூர் லோடுக்குப் போயிருக்காரு" என்று சொல்லத் தொடங்கினாள். அது இருவருக்கும் வசதியாக இருந்தது.

நாற்காலியில் பார்த்ததை அன்றைக்கே பேராசிரியரிடம் சொன்னபோதுதான் அடுத்த பேரம் தொடங்கியது. தாழ்ப்பாள், தம்பிகள், தண்டை என்று சீனித்தாய் சொல்லச் சொல்ல, பேராசிரியரின் முகம் வாங்கிய மூட்டையில் கல் கண்ட வியாபாரியின் முகமாக மாறியது.

"நீங்க சொல்றது உங்க வாழ்க்கை சீனித்தாய். அடைச்சு வச்சது, அண்ணன் தம்பி, இதெல்லாம் இப்ப உள்ள பழக்கம். உங்க மண்டையிலருந்து கலந்திருச்சு."

"என் கால்ல தண்டை இல்லையே மேடம். எனக்கு அண்ணன் தம்பியும் இல்ல."

"வாசிப்பு தெளிவா இல்ல." அந்த வார்த்தையை அவர் மெதுவாகத்தான் வைத்தார். "இன்னொரு தலையில சரிபார்க்கணும். ஜெபசிங், தன்ஷிகாவுக்கு என்னைக்கு நேரம் இருக்கு?"

அன்றைக்கு விட்ட அந்த 'வரைக்கும்' இப்போது சீனித்தாய்க்கு உறைத்தது. ஆனால் முகம் மாறவில்லை. அதில் இருபது வருஷப் பழக்கம். வாங்குகிறவர் என்ன தேடி வந்திருக்கிறாரோ அது மூட்டையின் வாய்ப்பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதானே? எல்லா மூட்டையையும் அப்படித்தானே கட்டுகிறோம்?

நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் இருங்க மேடம். இப்பத்தான் தெளியுது. அந்தத் தம்பிமாரு... அவக காவல் இருக்கல. காத்துக்கிட்டு இருந்தாக. அவ கூப்பிட்டாத்தான் உள்ள வர முடியும். தாழ்ப்பாள் உள்பக்கந்தான். ஆமா, உள்பக்கம்."

பேராசிரியரின் பேனா நகர்ந்தது. "தண்டை?"

"அவளே கேட்டுப் போட்டது. நடந்து வாரது ஊருக்குத் தெரியணும்ல? சத்தம் கேட்டா ஆம்பளைக துண்ட இடுப்புல கட்டிருவாக."

"மூத்த மகள்?"

சீனித்தாய் ஒரு கணம் தடுமாறினாள். அந்தக் கத்தல் இன்னும் காதில் இருந்தது. விழுங்கினாள்.

"அவளா? அவ எங்கயும் போகல. அவளுக்குத்தான் பட்டம். ஆத்தா எந்திரிச்சா அந்த ஆசனத்துல மக மட்டுந்தான் உட்காரலாம். அந்த ரத்தத்துப் பொண்ணு உட்காராட்டி ஏரி வத்திப்போகும்னு ஊரு நம்புச்சு. ஊர விட்டுப் போகச் சொன்னாலும் போகமாட்டாளுக. அவளுகளுக்கு அங்க அம்புட்டு மருவாதி."

இந்தக் கடைசி மூட்டை தேவையே இல்லை. விலை முன்பே படிந்துவிட்டது; பேராசிரியரின் கண் கலங்கியே விட்டது. வாய் ஓடுகிற வேகத்தில் மேலே ஒரு கை அள்ளிப் போட்டாள். வத்தல் மண்டியில் அதற்குப் பெயர் கொசுறு.

"இதுதான்" என்றார் பேராசிரியர், குரல் உடைந்து. "இதுக்காகத்தான் முப்பது வருஷம் காத்திருந்தேன். தெளிவான வாசிப்பு."

தன்ஷிகாவின் பெயரை நாற்காலிப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சீனித்தாய் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, நல்ல பேரம் என்று நினைத்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்தப் பேரம் ஊரெல்லாம் பரவியது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகள் தண்டை கட்டி ஆடினார்கள். மேடைகளில் தாய்த்தலைவி. மையத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கரில் 'தாயகம்' எழும்பியது: பழைய ஏரியை வெட்டி, நடுவில் மாளிகை, மாளிகை நடுவில் ஆசனம். அறங்காவலர் குழு என்று ஐந்து பேர் வெள்ளை வேட்டியில் வந்து அளந்தார்கள். ஐவரும் ஆண்கள். தலைவர், பேராசிரியரின் தம்பி கண்ணபிரான். அக்கா எழுதுவார், தம்பி கட்டுவார், அக்காவைப் பேசவிட்டுத் தம்பி பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார்.

வெறும் ஆசனத்தைப் பார்க்க யார் டிக்கெட் எடுப்பார்கள்? அதில் உட்கார அந்த ரத்தத்துப் பெண் வேண்டும். அதில் மகள் மட்டும்தான் உட்காரலாம் என்று சீனித்தாயே ஜெபசிங்கின் பதிவுக் கருவியின் முன்னால் சொல்லியிருந்தாள்; குழு தன்ஷிகாவைக் கேட்டது.

தன்ஷிகா வீட்டுக்குள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு எத்தனையோ வருஷமாயிற்று.

"ஒரிஜினல் தங்கம்மா! சாயங்காலம் கழட்டிக் குடுக்க வேண்டாம். உள்ளயே ரூம், உள்ளயே சாப்பாடு. மாப்பிள்ளைகூட அவங்களே பாத்துக் கூட்டியாருவாங்களாம். கால்ல தண்டை வெல்டிங் பண்றாங்க, திருட்டுப் பயத்துக்கு."

"வெளிய எப்ப விடுவாங்க?"

"எதுக்கு வெளிய போகணும்? ஊரே உள்ள வருது. நீதானம்மா சொன்ன, போகச் சொன்னாலும் போகமாட்டாளுகன்னு."

சீனித்தாய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பேராசிரியரின் அறையில் உட்காராமலே பேசினாள்.

"நான் சொன்னது பூராம் பொய் மேடம். மொதல்ல சொன்னதுதான் நெசம். அடைச்சுத்தான் வச்சிருந்தாக. பெத்தவ வாயாலயே பெத்த மகளக் கொன்னாக. உங்க பொஸ்தகத்த நீங்களே வச்சுக்கோங்க, எம் புள்ளைய விட்டுருங்க."

பேராசிரியர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சீனித்தாய்க்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அவர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"லோடுக்குப் போயிருக்காக. ஏன்?"

பேராசிரியர் ஜெபசிங்கைப் பார்த்தார். ஜெபசிங் தரையைப் பார்த்தான்.

"அவர் இறந்து நாலு வருஷத்துக்கு மேல ஆச்சு சீனித்தாய். பாருங்க, உங்களுக்கு எது நடந்தது, எது நடக்கலைன்னு இப்ப பிரிக்க முடியல. உங்க மேல தப்பில்ல."

சீனித்தாய் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "ஆனா நான் நேர்மையானவ. சந்தேகம்னு ஒண்ணு வந்துட்டா சரிபார்க்கணும். அரசியோட கடைவாய்ப்பல் இன்னும் ஒண்ணு இருக்கு. வயசான காலத்து வரியெல்லாம் அதுலதான். யாராவது ஒருத்தர் உட்காரணும். தன்ஷிகா உட்காரலாம். இல்லன்னா நீங்க."

"யாரு முடிவு பண்றது?"

"கொடிக்குத் தலைவி இப்ப அவதானே? அவ கையெழுத்துத்தான் செல்லும். உங்களுக்கும் சேர்த்து."

தன்ஷிகாவை அழைத்துவந்தார்கள். ஒத்திகையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். அவள் வருவது நடைகூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே கேட்டது. பட்டுக்கு மேல் பவளம், பவளத்துக்கு மேல் தங்கம். வாசலில் நின்ற காவலாளி குனிந்தான். அந்த நேரத்தில் மகளின் முகத்தில் இறங்கிய இனிப்பைச் சீனித்தாய் பார்த்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். தன்ஷிகா நாற்காலியைப் பார்த்தாள். அப்பா செத்ததைத் தினம் சொல்லிச் சொல்லிச் சலித்தவள் அவள். அந்த நாற்காலி என்ன செய்யும் என்று இப்போது தெரிந்தவள்.

"ஏ தாயி" என்றாள் சீனித்தாய். "கையெழுத்து எதுவும் போடாத. கழட்டி எறிஞ்சிட்டு வா, நாம ரெண்டு பேரும் ஓடிருவோம். மண்டியில எனக்கு இன்னும் கடை இருக்குடி."

"ஓடுறதா? இதப் போட்டுக்கிட்டு எப்படிம்மா ஓட முடியும்?" தன்ஷிகா சிரித்தாள். பிறகு தாழ்ந்த குரலில், செல்லமாக, சின்ன வயதில் மிட்டாய் கேட்கும் குரலில் சொன்னாள்: "நீயே உட்காரும்மா. எனக்குப் பயமா இருக்கு. உனக்குத்தான் பழக்கமாச்சே."

பேனா மூடியைப் பேராசிரியரே திறந்து கொடுத்தார்.

சீனித்தாய் மகள் போட்ட கையெழுத்தைப் பார்த்தாள். அழகான கையெழுத்து. நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள். இந்த முறை பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட வேண்டும், மாற்றாமல், மேலே ஒரு கை அள்ளிப் போடாமல். அதை ஜெபசிங் பதிவு செய்வான். மகளை வெளியே இழுக்க அது போதும். கண்ணை மூடும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தயாரா?" என்றான் ஜெபசிங்.

"சீக்கிரம் திருகுய்யா. எம் மக நிக்கிறா, கால் வலிக்கும் அவளுக்கு."

விழித்தபோது மதியம். வாயில் பாசிச் சுவை. எதிரே ஒரு வயதான அம்மாள் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். ஒல்லிப் பையன் ஒருவன் ஏதோ கருவியைப் பிடித்துக்கொண்டிருந்தான். சுவரோரம் நகைக்கடைப் பொம்மை போல ஒரு பெண்.

"என்ன பார்த்தீங்க?"

சீனித்தாய்க்கு மறைக்க எதுவும் இல்லை. யாருக்காக மறைக்க வேண்டும் என்பதும் இல்லை. பார்த்ததைச் சொன்னாள். தாழ்ப்பாள் வெளியே. தம்பிமார் காவல். ஓடிய மகளுக்கு ஆத்தா வாயாலேயே தீர்ப்பு. அப்புறம் அந்த ஆத்தாளுக்கு மூப்பு வந்து குரல் நடுங்கியபோது, இளைய மகளை ஆசனத்தில் வைத்து, கிழவியை உயிரோடு தாழிக்குள் உட்காரவைத்தார்கள். தங்கத்தை எல்லாம் கூடவே போட்டார்கள். அதுதான் பெரிய தாழி.

தடுமாற்றம் இல்லாமல், ஒரு வார்த்தைகூட மாறாமல் வந்தது. ஜெபசிங் திரையை இன்னொரு முறை சரிபார்த்தான்.

"மேடம், இது ரொம்பத் தெளிவா இருக்கு. மெஷின்ல வந்த பய வரியும் பட்டினி வரியும் இதோட ஒத்துப்போகுது."

"இருப்பா." பேராசிரியர் சுவரோரம் நின்ற பெண்ணை முன்னால் வரச் சொன்னார். தண்டை ஒலித்தது. "சீனித்தாய், இது யாருன்னு தெரியுதா?"

சீனித்தாய் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முதலில் தங்கம், பிறகு பட்டு, கடைசியாக முகம். நல்ல மூக்கு. எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. நல்ல மூக்கெல்லாம் அப்படித்தான் இருக்கும்.

"தெரியலயே. நகைக்கடைப் பொண்ணா?"

"உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"இல்ல மேடம். அந்தக் குடுப்பினை இல்ல."

பேராசிரியர் ஜெபசிங்கிடம் திரும்பினார். "எழுதிக்கோ. பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் இரண்டாம் வாசிப்பு நம்பத்தக்கதல்ல. முதல் வாசிப்பே நிற்கும்."

ஜெபசிங் எழுதினான்.

சீனித்தாய் அந்தப் பெண்ணைக் கைகாட்டிப் பக்கத்தில் கூப்பிட்டாள். பெண் குனிந்தாள். சீனித்தாய் அவள் கழுத்து ஆரத்தை உள்ளங்கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். காலைப் பார்த்தாள்; தண்டைக்குக் கீழே தோல் சிவந்து புண்ணாகியிருந்தது. மண்டியில் யாராவது சின்னப்பிள்ளையை ஏமாற்றினால் வருமே, அந்தக் கோபம் அவளுக்கு வந்தது.

"ஏ தாயி, உனக்கு ஆத்தா இல்லையா?"

பெண், இருக்கிறாள் என்பதுபோல் தலையசைத்தாள்.

"இருக்காளா? இருந்துக்கிட்டா இதப் பாத்துக்கிட்டு இருக்கா? இம்புட்டு நகைய மாட்டி, காலப் பூட்டி, வாசல்ல ஒருத்தன நிப்பாட்டி... அவளெல்லாம் ஒரு பொம்பளையா? எங்கிட்ட மட்டும் சொல்லு. என்னத்த வாங்கிக்கிட்டு உன்னைய வித்தா?"

பெண்ணின் கை கண்ணுக்குப் போயிற்று.

"துடைக்காதே" என்றார் பேராசிரியர். "மை கலைஞ்சிரும். வெளியே கேமராவெல்லாம் வந்தாச்சு."